பூட்டுப் பாடம்

நம் பொது நூலகங்களில் மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டும் மரபு செத்துவிட்டது என்று கருத்தரங்கு மேடைகளில் கண்ணீர் வடிக்கிறார்கள். அபாண்டம்! மரபு திடகாத்திரமாக இருக்கிறது. புதிய நூலகர் பொறுப்பேற்கும் நாளில் ஏதாவது ஒரு கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பெரியவர் சாவிக்கொத்தை நீட்டுகிறார். இருப்புப் பதிவேட்டைத் தூசு தட்டி வைக்கிறார். பிறகு உபதேசம்:

"தம்பி, கண்ணாடி அலமாரியைத் திறந்து விட்டுடாதே. ஒரு புத்தகம் குறைஞ்சாலும் தணிக்கையில உன் தலையிலதான் எழுதுவாங்க. நீ பென்ஷனுக்குப் போற அன்னிக்கு அந்தக் கணக்கு எழுந்து நிக்கும். யாராச்சும் நல்ல புத்தகம் கேட்டா, 'வெளியே போயிருக்கு'ன்னு சொல்லு. காலையில பேப்பரை மேசையில போடு. புரவலர் எண்ணிக்கை மட்டும் குறையாம பாத்துக்கோ."

முடிந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த நூலக அறிவியல் பத்தே நிமிடத்தில் காலி.

பெரியவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. காணாமல்போன புத்தகத்துக்கு விளக்கம் கேட்க மேலே ஆளிருக்கிறது. ஒரு கையும் படாமல் கறையான் தின்று தீர்த்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்க ஒரு நாதியில்லை. படிக்கக் கொடுத்தவன் குற்றவாளி, பூட்டி வைத்தவன் நேர்மையாளன் என்று கணக்கெழுதும் துறையில் வேறெந்தப் பாடத்தை அவர் சொல்லித்தருவார்?

இத்தனைக்கும் இது எஸ். ஆர். ரங்கநாதனின் ஊர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன அந்தக் கணித ஆசிரியர், சில நாளிலேயே சலித்துப்போய், பழைய வேலையே போதும் என்று கல்லூரிக்குத் திரும்பப் பார்த்தார். அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் சொன்ன சேயர்ஸ், க்ராய்டன் பொது நூலகத்தின் தலைவர். நூலகம் எப்படி நடக்கிறதென்று கூட இருந்து பார்க்க மாணவருக்கு இடம் கொடுத்தார். ஊர் திரும்பியவர் 1929இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பே தொடங்கிவிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பதை 1931இல் முதல் விதியாக வைத்தார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. சலித்துப்போன ஒருவருக்குச் சரியான ஆசிரியர் வாய்த்ததால் வந்த பலன் இது. இன்று சலித்துப்போகும் இளைஞருக்கு நாம் கொடுப்பது 'கூடுதல் பொறுப்பு'. பக்கத்து ஊர் நூலகத்தையும் நீயே பார்த்துக்கொள்!

ஊர்ப்புற நூலகத்தில் திறப்பவர், பெருக்குபவர், அடுக்குபவர், பதிவு போடுபவர் எல்லாம் ஒரே ஆள். வழிகாட்ட ஒருவரும் கேட்டுக்கொள்ள ஒருவருமாக இரண்டு பேராவது வேண்டாமா? கூடுதல் பொறுப்பு கிடைத்த நாளில் அந்த ஒருவரும் அரை ஆளாகிவிடுகிறார்.

இந்த லட்சணத்தில், மூத்தவர் இளையவர் உறவை வலுப்படுத்தப் பயிலரங்கம். புத்தகம் ஒன்றை எடுத்து வாசகர் கையில் கொடுத்தே அறியாத ஒருவர், வழிகாட்டுதலின் ஏழு படிநிலைகளைத் திரையில் ஓட்டுவார். பொன்னாடை, குழுப்படம், சாப்பாடு, சான்றிதழ். கேட்க வந்தவர்களின் ஊர்களில் அன்று முழுக்க நூலகம் பூட்டியிருக்கும்.

அரசும் தன் பங்குக்கு வழிகாட்டியிருக்கிறது. 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 நவம்பரில் அறிவித்தது. நீதிமன்றம் குறுக்கே நின்றதால் நூலகம் பிழைத்தது. புதிதாக வேலைக்கு வந்த நூலகர்கள் அன்று கற்ற பாடத்தை எந்தப் பேராசிரியரும் நடத்தியிருக்க முடியாது: ஆட்சி மாறினால் அலமாரி கட்டிலாகலாம்.

கூடுதல் ஆள் கேட்டால் பணமில்லை என்பார்கள். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நம்மிடம் வாங்குகிறார்கள். வசூலித்த உள்ளாட்சி அதை நூலகத்துக்குத் தராமல் பாக்கி வைப்பதோ வருடா வருடம் வரும் செய்தி. நூலகர் ஒரு புத்தகத்தைத் தொலைத்தால் பிடித்தம். உள்ளாட்சி நூலக வரியை விழுங்கினால் நினைவூட்டல் கடிதம்.

ஒருவர் ஓய்வுபெறும் தேதி, அவர் வேலையில் சேர்ந்த அன்றே அரசுக்குத் தெரியும். அது சொல்லாமல் வரும் புயல் அல்ல. அவர் போவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரை அமர்த்துங்கள். இருவரும் ஒரே மேசையில் உட்காரட்டும். எந்தப் பையனுக்கு என்ன புத்தகம் பிடிக்கும், தேர்வுக்குப் படிக்க வரும் பெண் எதைத் தேடுவாள் என்று பெரியவர் சொல்லட்டும், சின்னவர் கேட்கட்டும். புழங்குகிற நூலகத்தில் சில புத்தகம் தொலையத்தான் செய்யும். அதற்கொரு வரம்பு வைத்துக் கணக்கிலிருந்து கழியுங்கள். உறவு தானே வளரும்.

இதெல்லாம் ஆகாது, புத்தகத்தைப் பூட்டிக் காக்கத்தான் ஆள் வேண்டும் என்றால், பட்டம் படித்த பிள்ளைகளை ஏன் வதைக்கிறீர்கள்? ஊருக்கொரு திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டுங்கள். அதற்குச் சம்பளம் வேண்டாம், பென்ஷன் வேண்டாம், வழிகாட்டி அறவே வேண்டாம்.