இல்லாத வரலாற்றில் அடிமை ஒழிப்பாளர் இயல்

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து அடிமை ஒழிப்பு அரசியல்வாதிகள் மாற்று வரலாற்றுப் புனைவுக்குள் புகுந்தால் என்ன ஆவர் என்று வகுத்துரைத்தல் நுதலிற்று. அவர் மூவகைப்படுவர்: குணம் திரிந்தார், ஆயுள் நீண்டார், நாற்காலி பெற்றார்.

குணம் திரிந்தார்க்குக் காட்டு லிங்கன். ஹாரி டர்டில்டவ் 1997இல் வெளியிட்ட 'ஹவ் ஃபியூ ரிமெய்ன்' நாவலில் தென்மாநிலங்கள் வென்று பிரிந்துபோகின்றன. சுடப்படாமல் தப்பிய லிங்கன் 1881இல் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர் உரிமை பேசி சோசலிஸ்ட் ஆகிறார். அவரை ஒழிப்பாளர் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருவோர் உளர். 1863 அடிமை விடுதலைப் பிரகடனத்தை உத்தேசித்துச் சேர்த்தோம்.

ஆயுள் நீண்டார்க்குக் காட்டு காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பெருந்தோட்டக்காரர் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்றவர்களுக்கு 40 ஏக்கர் வீதம் கொடு என்றவர், 1868இல் இறந்தார். பத்து வருடம் கூட்டினால் காரியம் முடியும் என்பர் ஒருசாரார். முடியாது. அவர் உயிரோடு கத்திக்கொண்டிருந்தபோதே காங்கிரஸ் காதில் வாங்கவில்லை. ஆயுளைக் கூட்டுகிறவர் வாக்குகளையும் கூட்டுக.

நாற்காலி பெற்றார் இருவர். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் ஒரே வாக்கில் தப்பினார். தப்பாவிட்டால் செனட்டின் தற்காலிகத் தலைவர் பென்ஜமின் வேட் அதிபர். மற்றவர் ஹானிபல் ஹாம்லின், லிங்கனின் முதல் துணை அதிபர். 1864 ஜூனில் பால்டிமோர் மாநாடு அவரைக் கழற்றிவிட்டு ஜான்சனைப் பிடித்தது. 1865 மார்ச் 4இல் பதவி போயிற்று. ஏப்ரல் 15இல் லிங்கன் இறந்தார். இடையே 42 நாள். மாநாட்டுப் பிரதிநிதிகள் மனம் மாறியிருந்தால் போதும். ஒரு தோட்டாவைக்கூட இடம் மாற்ற வேண்டாம். இதைவிட மலிவான திருப்பம் கிடைக்காது. ஆனாலும் வெடிச்சத்தம் கேட்காத இடத்தில் மாற்று வரலாற்று எழுத்தாளர்கள் கடை போடுவதில்லை. எல்லோரும் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில்தான் முண்டியடிக்கிறார்கள்.

புறனடை: கழற்றிவிடப்பட்ட அதே கோடையில், துணை அதிபர் பதவியில் இருந்துகொண்டே, ஹாம்லின் மெயின் மாநிலக் காவல்படையில் சாதாரணச் சிப்பாயாகப் போய், கிட்டரியிலுள்ள மெக்லாரி கோட்டையில் சமையல் வேலை பார்த்தார். நாவலில் எழுதினால் பதிப்பாசிரியர் அடித்துவிடுவார். மெய்யாகவே நடந்துவிட்டதால் இது மூவகையுள் எதிலும் அடங்காது. வரலாற்றாசிரியர் பாடு என்று விடுத்தோம்.