மூணு சாட்சி, ஒரு கேமரா

ராஜபாளையத்தில் எங்கள் ஸ்டுடியோவின் ரேட் போர்டில் காதுகுத்து இருந்தது, சடங்கு இருந்தது, எழவு வீட்டுப் படத்துக்குக்கூடத் தனி ரேட் இருந்தது. ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு மட்டும் கிடையாது. அதையும் ஒரு கல்யாணமென்று யாரும் கணக்கில் சேர்க்காத எண்பதுகள் அவை. மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிற பையன் யாராவது கடைக்குள் தலையை நீட்டுவான். "அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு படம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வரணும்." என்ன படம் என்று நான் கேட்க மாட்டேன். அந்தக் குரலே சொல்லிவிடும்.

இரண்டு படத்துக்காக எவனும் புது ரோல் போட மாட்டான். ஊட்டியில் செய்த 'இந்து' ஃபிலிமானாலும் வேறெதுவானாலும் 120 ரோலில் பன்னிரண்டு படம்தான். அதனால் யார் வீட்டு விசேஷத்திலோ மிஞ்சிய ரோலோடு யாஷிகாவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். கழுவிப் பார்த்தால் முதல் பத்தில் தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு வீறிடுகிற குழந்தை. கடைசி இரண்டில் மாலையும் கழுத்துமாக, வாய்விட்டு அழவும் வழியில்லாத ஒரு ஜோடி. நெகட்டிவ் கவர் மேல் காதுகுத்து வீட்டார் பெயர்தான் எழுதியிருக்கும். மறுவாரம் பெண்ணின் சித்தப்பாமார் கடைக்கு வந்து அலமாரியைக் குடைந்தாலும் அகப்படாது. துப்பறியும் நாவல் படித்துச் செய்த ஏற்பாடில்லை அது. ஃபிலிம் விற்ற விலை செய்த ஏற்பாடு.

சட்டமும் தன் பங்குக்கு உதவியது. வேறு வேறு மதத்துக்காரர்கள், மதம் மாறாமல் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் பெரும்பாலும் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் கதி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை ஆபீஸில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்ல 30 நாள் அவகாசம். வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொள்ள வந்தவர்களுக்கு அரசாங்கமே செலவில்லாமல் கல்யாணப் பத்திரிகை வைத்துவிடும். பதிவு ஆபீஸுக்கு வருகிறவர்கள் யார்? கிரயம் முடிக்கிறவர்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள். பெயரைக் கூப்பிடுகிற வரைக்கும் அவர்களுக்கு வேலையே போர்டைப் படிப்பதுதான். அதில் ஒருத்தர் மம்சாபுரத்துக்காரராக இருப்பார். பெண்ணுக்கும் மம்சாபுரமாகவே இருக்கும்.

இருவரும் இந்துக்களென்றால் கொஞ்சம் தப்பித்தார்கள். அண்ணா ஆட்சியில் வந்த 1967-ஆம் வருஷத்துத் திருத்தப்படி, உற்றார் சிநேகிதர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். முதல் சுயமரியாதைக் கல்யாணமென்று சொல்லப்படுவது 1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் நடந்தது. இன்றைக்கு அது எங்கள் விருதுநகர் மாவட்டம். அங்கிருந்து கோட்டைக்குப் போய்ச் சட்டமாக ஏறக்குறைய நாற்பது வருஷம் பிடித்தது. சரி, மாலை மாற்றியதற்கு அத்தாட்சி? அதற்குத்தான் நான்.

மாலை வாங்குவதும் லேசான காரியமில்லை. பெரியவர்கள் துணையில்லாமல் ஒரு பையன் ஜோடி மாலை கேட்டால் பூக்காரம்மா விலை சொல்வதற்கு முன்னால் விவரம் கேட்பாள். ஆகவே ஒன்றை ராஜபாளையத்திலும் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாங்குவார்கள். என் பழைய படங்களைப் பாருங்கள்: பெண் கழுத்தில் தொப்புள் வரை ரோஜா மாலை, பையன் கழுத்தில் யாரோ அரசியல்வாதிக்குக் கட்டி மீந்தது போல ஒரு சம்பங்கி. இத்தனைக்கும் மாலைக்குப் பேர்போன ஊர் அது. மானிடனைக் கட்ட மாட்டேன், அரங்கனைத்தான் கட்டுவேன் என்று நின்ற பெண்ணுக்கு வருஷா வருஷம் பங்குனி உத்திரத்தில் ஊரே கூடித் திருக்கல்யாணம் நடத்துகிறது. தானே பார்த்துக்கொண்ட வெளியூர் மாப்பிள்ளைதான். ஆனால் பெரியாழ்வார் போலீஸில் புகார் கொடுக்கவில்லை.

சாட்சிகள் வேறு ரகம். சிறப்புத் திருமணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். ஒருத்தன் உயிர்ச் சிநேகிதன், இன்னொருத்தன் அவனுடைய சிநேகிதன், மூன்றாவது ஆள் அநேகமாக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர். கையெழுத்துப் போடுகிற வரைக்கும் வீரமாக இருப்பார்கள். கேமராவைத் தூக்கியதும், "அண்ணாச்சி, நம்ம முகம் விழுகாம எடுங்க" என்று மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பதுங்குவார்கள். டைப்ரைட்டிங் கிளாஸுக்கென்று சொல்லி வந்த பெண்ணின் கையில் சுருட்டிய தாளும், அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இருக்கும். பதினெட்டு ஆகிவிட்டது என்பதற்கு அதுதான் ருசு.

இதில் தொழில் சிக்கல் ஒன்று உண்டு. மண்டபத்தில் எந்த நொடியில் பட்டனை அமுக்குவதென்று கேமராக்காரன் யோசிக்க வேண்டாம், கெட்டிமேளம் சொல்லிக் கொடுத்துவிடும். பதிவு ஆபீஸில் மேளமுமில்லை, முகூர்த்தமுமில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் என்பது ஒரு வாக்கியம்: இன்னாராகிய நான், இன்னாரைச் சட்டப்படியான மனைவியாக, அல்லது கணவனாக, ஏற்றுக்கொள்கிறேன். அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்கும்படி, தங்களுக்குப் புரிகிற மொழியில் இருவரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாக்கியத்தை எப்படிப் படம் எடுப்பது? அந்தக் காலத்து ஜோடிகள் அதை வாய்க்குள்ளேயே முனகி முடித்துவிடுவார்கள். எப்போது கல்யாணமானது என்று பக்கத்திலிருக்கும் எனக்கே தெரியாது. பேனாவைக் கையில் எடுத்ததும் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று, அதோடு ரோல் தீர்ந்துவிடும். உள்ளே கலர் ஃபிலிமில் எடுத்தால் டியூப்லைட்டுக்கு முகமெல்லாம் பச்சை தட்டும். இருக்கிற பயத்துக்குப் பச்சை வேறு எதற்கு என்று மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போவேன். "இது ஆபீஸ், ஸ்டுடியோ இல்ல" என்று விரட்டிய குமாஸ்தா ஒருவரும் உண்டு. எந்த ஊர் ஆபீஸ் என்பதை விட்டுவிடலாம்.

2006 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம், எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தேதியைப் பார்த்துச் சொன்னார்களா, தற்செயலா, தெரியவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு 2009-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு பட்டுப்புடவை, ஒட்டியாணமெல்லாம் மண்டபத்தில் முடித்த கையோடு இதே வாசற்படி ஏற ஆரம்பித்தன. ரிஜிஸ்தர் கல்யாணத்தின் மானம் காத்தது காதலில்லை, விசா.

இப்போது கடையை என் மகன் பார்க்கிறான். போன வருஷம் ஒரு ஜோடி வந்தது. பையன் ராஜபாளையம், பெண் நாகர்கோவில், இருவருக்கும் வேலை பெங்களூரில். மதம் இரண்டு, சம்மதமும் இரண்டு வீட்டிலும். மண்டபம் வேண்டாம், பதினைந்து பேர் போதும், படம் எல்லாம் 'ரிலாக்ஸ்டா' இருக்கணும் என்றார்கள். 1969-இல் லண்டன் மேரிலபோன் பதிவு ஆபீஸில் பால் மெக்கார்ட்னி கட்டிக்கொண்ட படத்தைப் போனில் எடுத்துக் காட்டி, இந்த மாதிரி என்றாள் பெண். வாசலில் அழுகிற ரசிகைகள் கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்?

அந்த 30 நாள் நோட்டீஸ் ஒட்டிய அன்றே போர்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து அவள் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாளாம். கல்யாணத்தன்று மகனோடு இன்னும் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு கேமரா. ஜோடி மாலை, கூட ஏதோ இலையெல்லாம் வைத்து, மதுரையிலிருந்து சொல்லிவைத்து வந்தது. சாயம் போனது போல இருந்த அந்தக் கைத்தறிச் சேலையின் விலையைக் கேட்டு என் வீட்டுக்காரி அரை நாள் பேசவில்லை. வாக்கியத்தைப் பெண் கணீரென்று சொன்னாள்; ஒரு கேமராவுக்குச் சரியாக விழவில்லை என்று மறுபடியும் சொன்னாள். சட்டப்படி முதல் தடவையே கல்யாணமாகிவிட்டது. ஆல்பத்துக்கு இரண்டாவது தடவைதான். கேமராவைப் பார்க்காதீங்க, எங்களை மறந்துடுங்க, நீங்களா சிரிக்கிற மாதிரி சிரிங்க என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். சாட்சி போட முட்டி மோதினார்கள். பால்கோவா டப்பாவை மேசைக்கு மேசை நீட்டிக்கொண்டிருந்தார் பெண்ணின் அப்பா. "அந்த ஜன்னல் பக்கம் நின்னா லைட் நல்லா விழும் சார்" என்றார் குமாஸ்தா.

பயந்து வருகிற ஜோடிகள் இல்லாமல் போய்விடவில்லை. நோட்டீஸைப் பகிரங்கமாக ஒட்டுவதை ஜோடியின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அது உத்தரப் பிரதேசத்துக்கு. சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்தத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என் யாஷிகா முன்னால் நின்றவர்களில் சிலர் அதற்குள் பேரன் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஓடிவருகிறவர்கள் ஸ்டுடியோப் பக்கம் வருவதில்லை. மாலையோடு போனில் எடுத்த படத்தை எஸ்.பி. ஆபீஸ் வாசலிலிருந்தே அனுப்பிப் பாதுகாப்புக் கேட்கிறார்கள். அத்தாட்சி தேவைப்படுகிறவர்களுக்குக் கேமராக்காரன் வேண்டாம். எதற்கும் அத்தாட்சி தேவைப்படாதவர்களுக்கு மூன்று பேர் வேண்டும். எங்கள் தொழில் நிலவரம் இதுதான். மகனுக்கு என் கணக்குப் பிடிப்பதில்லை. அவனுக்கு வங்கிக் கடன் இருக்கிறது.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் பெண்ணின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "புள்ளைங்க ஆசைப்படி சிம்பிளா முடிச்சாச்சு அண்ணாச்சி. ரிசப்ஷன் மட்டும் ஒரு ஆயிரம் பேருக்கு வச்சிருக்கோம். சிவகாசியில பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. நம்ம தம்பிகிட்ட ட்ரோன் இருக்குல்ல?"