கையெழுத்து போதாது, கையில் கிரீஸ் படியட்டும்!

*ஒரு தந்தை, விழுப்புரம்*
கே: மகளுக்கு ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. எல்லாக் கல்லூரியும் ‘கார் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது’ என்கிறது. எதை நம்புவது?

ப: ஒப்பந்தத்தை விடுங்கள், மூன்று விவரம் கேளுங்கள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் ஆலைக்குள் பயிற்சிக்குப் போனார்கள்? எத்தனை வாரம்? அங்கே அவர்கள் கையில் என்ன வேலை கொடுத்தார்கள்? பளிச்சென்று பதில் வந்தால் சேருங்கள். கைகுலுக்கும் போட்டோவைக் காட்டினால், அடுத்த கல்லூரிக்குக் கிளம்புங்கள்.

*மாணவர், திருச்சி*
கே: நாங்கள்தான் ஐ.வி. (ஆலையைப் பார்வையிடும் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’) போய் வந்தோமே, போதாதா?

ப: ஐ.வி.யில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பீர்கள். கோட்டுக்கு உள்ளே போக வழி இருக்கிறது. 1961-ன் அப்ரன்டிஸ் சட்டப்படி, பட்டம் வாங்கியவர்களும் ஆலையில் ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு செய்யுங்கள்.

*பேராசிரியர், சேலம்*
கே: கல்லூரியும் ஆலையும் ஒன்றாக இருப்பது நம் ஊரில் நடக்கிற காரியமா?

ப: நடந்து பல காலம் ஆயிற்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் பிறந்தது. அதே வளாகத்தில் மோட்டாரும் பம்ப்பும் செய்யும் ஆலை அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் கேட்டதை நாலு எட்டு நடந்துபோய் இரும்பில் பார்க்கலாம்.

*வாசகி, ஓசூர்*
கே: கம்பெனியைக் கல்லூரிக்குப் பக்கத்தில் குடிவைத்தால் ஆராய்ச்சி வந்துவிடுமா?

ப: குடிவைத்தால் வாடகைதான் வரும். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா அதனால்தான் ஒரு நிபந்தனை போட்டது: இடம் பிடித்த கம்பெனிகள் ஐ.ஐ.டி. ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து மதிப்பெண் சேர்க்க வேண்டும். ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் அங்கே தொடங்கிய ஏத்தர் ஸ்கூட்டர் கம்பெனிக்கு இப்போது உங்கள் ஓசூரில் ஆலை இருக்கிறது.

*ஒரு தாய், மதுரை*
கே: மகன் கல்லூரியில் ரேஸ் கார் கட்டுகிறேன் என்று ராத்திரியெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறான். படிப்பு என்னாவது?

ப: அதுவும் படிப்புதான் அம்மா. 1981-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் வழியில், இன்று கோவை கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325, கார் ஓடுவதற்கு முன்பே: ஏன் இந்த வடிவமைப்பு, என்ன செலவு, எப்படி விற்பாய் என்று நடுவர்கள் கேட்பார்கள். நேர்முகத் தேர்வில் வரப்போகும் கேள்விகளும் இவைதான். நேரத்துக்குச் சாப்பிட்டானா என்று மட்டும் கேளுங்கள்.

*ஆராய்ச்சி மாணவி, சென்னை*
கே: கம்பெனிப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகம், கம்பெனிக்கு எதிரான உண்மையைச் சொல்லுமா?

ப: சொல்லும் உரிமையை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, கம்பெனிப் பணத்தில் அல்ல, ஒரு தொண்டு அமைப்பின் நிதியில் டீசல் கார்களின் புகையை அளந்தது. அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றி, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரைகூட ஓட்டினார்கள். ஆய்வகத்தில் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை வரம்புக்கு மேல் 15 முதல் 35 மடங்கு கக்கியது. 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 2015 செப்டம்பரில் மோசடி அம்பலமானது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் ஏமாற்று மென்பொருள்! அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள். ஆய்வு முடிவைக் கம்பெனி பூட்டிவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது நாம்.

*இறுதியாண்டு மாணவர், கோவை*
கே: ஃபைனல் இயர் புராஜெக்ட் கடையிலேயே கிடைக்கிறதே, வாங்கலாமா?

ப: வாங்கலாம். பிறகு வேலைக்கும் அந்தக் கடைக்காரரையே அனுப்ப வேண்டியிருக்கும்.

*வாசகர், ஸ்ரீபெரும்புதூர்*
கே: சுருக்கமாகச் சொல்லுங்கள்: கம்பெனி என்ன தர வேண்டும், கல்லூரி என்ன தர வேண்டும்?

ப: ஓடி ஓய்ந்த இன்ஜினை ‘அன்பளிப்பு’ என்று லேபில் இறக்கிவிட்டுப் போகாமல், தன்னால் இன்னும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைக் கம்பெனி தரட்டும். கல்லூரி அதற்கு ஆறு மாத அவகாசமும், கூடவே நிற்கும் ஓர் ஆசிரியரையும் தரட்டும். மீதியை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.