ஏழரை சதவீதம்

என் பணத்தைப் பன்னிரண்டு வருஷம் எந்தத் திருடன் கையிலும் சிக்காமல் காத்துக் கொடுத்த வங்கிக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். என்ன ஒன்று, அவர்கள் வைத்த பத்திரத்தில் அது திருடனுக்கும் எட்டவில்லை, எனக்கும் எட்டவில்லை. வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

எனக்கு ஊர் அவிநாசிபாளையம். கோவை-கரூர் ரோட்டைத் திருப்பூர்-தாராபுரம் ரோடு வெட்டிக்கொண்டு போகிற இடம். அங்கிருந்து விடிகாலை பஸ் ஏறி, திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு, ராத்திரி ஊர் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கினால் திங்கட்கிழமை அதில் ஒரு பங்கு வங்கிக்குப் போகும். அது பாசி நிதி நிறுவனம் திருப்பூரில் கொடிகட்டிப் பறந்த காலம். எங்கள் வீதியிலேயே சிலர் அதில் போட்டார்கள். எனக்கும் கை அரித்தது. மாமனார்தான் தடுத்தார். "பேராசைக்குப் போவாதீங்க மாப்பிள்ளை. பேங்க்ல போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

நான் தூங்கினேனோ இல்லையோ, பணம் தூங்கிவிட்டது.

பாசியில் போனது சுமார் 930 கோடி. 2022 ஆகஸ்டில் கோவை கோர்ட் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 வருஷம் சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் போட்டது. ஏமாந்தவர்களுக்குத் தீர்ப்பு என்று ஒன்றாவது கிடைத்தது. ஏமாறாமல் புத்திசாலியாக இருந்தவனுக்கு அதுவும் கிடையாது.

2011 ஜனவரி கடைசியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழாய்ப் போன காடுகளையும் நினைத்தால் மூடியது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் கட்டிங் கத்தி நிற்கும். பங்களாதேஷில் நாராயண்கஞ்சில் ஆள் கேட்கிறார்கள் என்றார்கள். போய்விட்டேன். கணக்கில் அப்போது 1,82,000 ரூபாயும் சில்லறையும் இருந்தது. நடுவில் லீவில் வந்தபோதெல்லாம் பாஸ்புத்தகத்தைப் பீரோவில் பார்ப்பேன், மறுபடி வைப்பேன். வங்கியில் இருக்கிற பணத்தை யாராவது போய் எட்டிப் பார்ப்பார்களா, அது என்ன தொண்டுப்பட்டியில் அடைத்த ஆடா?

பார்க்கணுமாம். இரண்டு வருஷம் தொடாவிட்டால் கணக்கு செயலற்றது. பத்து வருஷம் தொடாவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியில் ஒரு நிதிக்குப் போய்விடும். 2014-ல் ஏற்படுத்திய அந்த நிதிக்குப் பெயர், வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி. என் காசை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வருமானத்தில் எனக்கே கல்வி புகட்டுவார்கள். படித்தேன் ஐயா. நன்றாகவே படித்தேன்.

2023 ஜூனில் ஊருக்கே வந்துவிட்டேன். பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், என் கிளை இருந்த கட்டிடத்தில் மொபைல் கடை. கிளை இரண்டு தெரு தள்ளி மாறியிருந்தது. கவுண்டரில் இருந்த பொண்ணு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இந்த நம்பர் சிஸ்டத்துலயே காட்டலீங்ணா."

"பாஸ்புத்தகம் இருக்குதுங்களே அம்மிணி, உங்க சீல் இருக்குது."

"புஸ்தகத்துல இருக்குதுங்ணா. சிஸ்டத்துல இல்லீங்ளே."

மூன்றாவது தடவை போனபோது சிஸ்டம் மனம் இரங்கிக் காட்டியது. ஆனால் ஓடிபி என் பழைய நம்பருக்குப் போகும் என்றார்கள். நம்பரை மாற்ற வேண்டுமானால் கணக்குக்கு உயிர் இருக்க வேண்டும், கணக்குக்கு உயிர் வர வேண்டுமானால் ஓடிபி சொல்ல வேண்டும். சரி, யார்தான் வைத்திருக்கிறார்கள் என்று பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருத்தன் எடுத்தான். "ஒங்க பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வந்துட்டிருக்கு அண்ணாச்சி. பொங்கலுக்கு வாழ்த்துகூடச் சொல்லுதாங்க." ஆக, தகவல் அனுப்பினோம் என்று வங்கி சொல்வதும் பொய்யில்லை.

அடுத்து விரல் ரேகை. ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அடியில் சிவப்பு வெளிச்சம். கட்டைவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். வேட்டி நுனியில் துடைத்து வைத்தேன். ஆள்காட்டி விரல், அடுத்த விரல், இடது கை. பத்து விரலையும் பெட்டிக்குக் காட்டியாகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் துணி விரித்து, அடுக்கைத் தடவித் தடவி அழுத்தி, கத்திக்கு முன்னால் பிடித்த விரல். ரேகை எல்லாம் போன இடம் தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெரியம்மா ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் தம்பி, ரேசன் கடைல" என்றார். சம்பாதித்த கை இது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெட்டிக்கு அந்தச் சாட்சி செல்லாது.

கையெழுத்தும் ஒத்துவரவில்லை. ஜூலை பிறந்ததும் பான் கார்டு வேறு செத்துப்போனது. ஆதாரோடு இணைக்காததால் என் கார்டும் செயலற்றதாம். எனக்கு மட்டும்தான் இன்னும் செயல் இருந்தது, நடந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு அதிகாரி என்னை உட்கார வைத்து, வெளிநாடு போனபோது கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றாதது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தப்பு, மூன்று மடங்கு வரை அபராதம் போட வழியிருக்கிறது என்று விளக்கினார். பணத்தைக் கேட்டு வந்தவன் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் குற்றவாளி ஆகிவிட்டேன். கடைசியாக அவர் சொன்னதுதான் உச்சம்: "உங்க பணம் எங்ககிட்ட இல்லீங்களே. ரிசர்வ் பேங்க்குக்குப் போயிருச்சு. பம்பாய்லதான் கேக்கணும்."

நம்பிவிட்டேன். பம்பாய்க்கு எந்த வண்டி என்றுகூட விசாரித்தேன். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிற பங்காளி வீட்டுப் பையன்தான் தலையில் அடித்துக்கொண்டான். அந்த நிதிக்கான திட்டத்திலேயே எழுதியிருக்கிறது: வாடிக்கையாளர் கேட்டால் வங்கியே வட்டியோடு கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட்டு நிதியிலிருந்து தான் ஈடு வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கும் பம்பாய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அந்த அதிகாரிக்குத் தெரியாதா? தெரியாவிட்டால் அந்த நாற்காலியில் ஏன் உட்கார வேண்டும்? தெரிந்து சொன்னார் என்றால், பாசிக்காரர்களுக்கு 27 வருஷம் போட்ட நாட்டில் இதற்கு ஒரு நாள்கூடக் கிடையாதா?

இத்தனையும் நடந்தது ரிசர்வ் வங்கியின் '100 நாள் 100 பேமெண்ட்' நாட்களில். 2023 ஜூன் 1 தொடங்கி நூறு நாளைக்குள், ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கிற டெபாசிட்டுகளில் ஆகப் பெரிய நூறைக் கண்டுபிடித்து உரியவரிடம் சேர்க்க வேண்டும். நானும் ஆசையாகக் கேட்டேன். பெரிய நூறுக்குத்தானாம். காணாமல் போவதிலும் பெரிய மனிதனாகப் போக வேண்டும். ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்தோடு காணாமல் போனவனைத் தேட ஆள் இல்லை, அவனே நேரில் வந்து நின்றாலும்.

எங்கள் வீட்டுப் பீரோவில் பாஸ்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நோட்டு இருக்கிறது. என் காதுகுத்துக்கு எழுதிய மொய் நோட்டு. அட்டை போய், ஓரம் கறையான் அரித்து, மஞ்சள் தடவிய முதல் பக்கம் மட்டும் இன்னும் மஞ்சளாக. ஊர்ப் பெயர், தோட்டத்துப் பெயர், ஆள் பெயர், 2 ரூபாய், 5 ரூபாய், ஒருவர் மட்டும் 11. எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வைத்தவர்களில் பாதிப் பேரும் போய்விட்டார்கள். கணக்கு மட்டும் செத்துப்போகவில்லை. குண்டடத்துப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் பக்கத்தை எடுத்துவிடும். "அவங்கப்பன் நமக்கு வச்சது இருக்குது, மறக்காம வச்சுட்டு வா." கேட்டு வந்தால்தான் கொடுப்போம் என்று எந்த மொய் நோட்டும் சொன்னதில்லை. ஆயிரம் கிளையும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் ஆளைத் தெரியவில்லை.

'உரிமை கோரப்படாத வைப்புத்தொகை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதியவன் கையை முறிக்க வேண்டும். கோரினேன். ஏழு தடவை பஸ் ஏறிக் கோரினேன். டோக்கன் எடுத்துக் கோரினேன், சாப்பாட்டு நேரம் முடியக் காத்திருந்து கோரினேன். கொடுக்கப்படாத தொகை என்று எழுத வேண்டியது. அப்படி எழுதினால் குற்றம் வேறு பக்கம் போய்விடுமே.

இந்தக் கொடுக்கப்படாத பணம் அந்த நிதியில் 2023 மார்ச்சில் 62,225 கோடி. அடுத்த மார்ச்சில் 78,213 கோடி. ராத்திரி பகல் பார்க்காமல் ஓவர்லாக் ஓட்டி, பேட்லாக் ஓட்டி, அயர்ன் போட்டு, மடித்து, திருப்பூர் மொத்தமும் வருஷத்துக்கு அனுப்புகிற ஏற்றுமதி முப்பது, நாற்பதாயிரம் கோடி. அதைப் போல இரண்டு மடங்கு சும்மா தூங்குகிறது. நூறு நாள் ஓடியாடித் திருப்பிக் கொடுத்தது ஆயிரத்து நானூறு கோடிச் சொச்சம். அதே வருஷம் புதிதாகச் சேர்ந்தது பதினாறாயிரம் கோடி.

ஆளைக் கண்டுபிடிக்க வங்கிக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். மினிமம் பேலன்ஸ் இல்லை என்று ஏழை பாழையின் கணக்கைத் தேடிப் பிடித்து, 2019-20 தொடங்கி ஐந்து நிதியாண்டில் பொதுத்துறை வங்கிகள் பிடித்த அபராதம் சுமார் 8,500 கோடி. நாடாளுமன்றத்திலேயே சொன்ன கணக்கு. அப்போது ஒருத்தர் விரலையும் யாரும் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை, ஓடிபியும் கேட்கவில்லை.

வெளிநாடு போவதிலும் சாதி இருக்கிறது. விஜய் மல்லையா 2016 மார்ச் 2-ல் லண்டனுக்கு விமானம் ஏறினார். கடன் கொடுத்த 17 வங்கிகளுக்கு வர வேண்டியது சுமார் 9,000 கோடி. அவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினர், வழியில் மறித்துக் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று கேட்ட ஆள் இல்லை. அவர் வங்கிப் பணத்தை நிலுவை வைத்துவிட்டுப் போனார். நான் என் பணத்தை வங்கியில் வைத்துவிட்டுப் போனேன். அபராதம் எத்தனை மடங்கு என்று பாடம் கேட்டது நான்.

பங்காளிப் பையன் எழுதிக் கொடுத்தான். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு. முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால், 2021 நவம்பரில் வந்த திட்டப்படி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. அதற்குப் பைசா செலவில்லை. நகல் அங்கே போகும் என்று ஒரு வரி சேர்த்திருந்தான். இருபத்தெட்டாம் நாள் கிளையிலிருந்து போன். "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார்." பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, விரல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரமாக ஒத்துவராத கையெழுத்து அன்றைக்கு அச்சாக ஒத்துவந்தது.

வட்டியோடு வந்தது 2,80,000 ரூபாய்ச் சொச்சம். அந்த நிதிக்குப் போன பணத்துக்கு 2021 மே மாதத்திலிருந்து வட்டி மூன்று சதவீதம், அதுவும் தனி வட்டி. ஊர்க் கணக்கில் சொன்னால் கால் வட்டி. எங்கள் பக்கம் கால் வட்டிக்குப் பணம் கேட்டால், 'குடிச்சிருக்கியாடா' என்று கேட்பார்கள். வீட்டுக்காரி வேறு கணக்குப் போட்டாள். நான் நாராயண்கஞ்ச் போன வருஷம் பவுன் பதினையாயிரம் சொச்சம், வைத்த பணத்துக்குப் பன்னிரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைய வந்திருக்கும். பணம் கைக்கு வந்த வருஷம் பவுன் நாற்பத்து நாலாயிரம். "ஆறு பவுனு சொச்சத்துக்குத்தான் வரும். மீதி யாரு கழுத்துல இருக்குதுங்க?" பதில் சொல்லத் தெரியாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

இதோடு விட்டிருப்பேன். 2025 அக்டோபர் 4-ல் நிதியமைச்சர் காந்திநகரில் ஒரு இயக்கம் தொடங்கி வைத்தார். 'ஆப்கி பூஞ்சி, ஆப்கா அதிகார்.' உங்கள் பணம், உங்கள் உரிமை என்று அர்த்தமாம். வங்கி, இன்சூரன்ஸ், பங்கு எல்லாம் சேர்த்து 1.84 லட்சம் கோடி கிடக்கிறது என்றார். அது கிடக்கட்டும். அதே மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ரிசர்வ் வங்கி இன்னொன்றும் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் தூங்கிய கணக்கை எழுப்பிப் பணத்தை உரியவரிடம் கொடுக்கிற வங்கிக்கு ஊக்கத்தொகை. எவ்வளவு? ஏழரை சதவீதம், 25,000 ரூபாய் வரைக்கும். இன்னொருத்தன் பணத்தை அவனிடமே திருப்பிக் கொடுக்க லஞ்சம் வாங்கினால் பிடித்து உள்ளே வைப்பார்கள், இதற்குத் திட்டம் என்று பெயர். பணத்துக்குச் சொந்தக்காரனுக்கு மூன்று, தொலைத்தவனுக்கு ஏழரை. சனி பகவானே வெட்கப்படுகிற ஏழரை.

போன வாரம் அதே வங்கியிலிருந்து போன் வந்தது. ஓடிபி அனுப்ப முடியவில்லை என்று இரண்டு மாசம் இழுத்தடித்தார்களே, என் அதே புது நம்பருக்கு. பேச்சில் தேன் ஒழுகியது. எனக்கு ஐந்து லட்சம் பர்சனல் லோன் ஏற்கெனவே ஓகே ஆகியிருக்கிறதாம், கிளைக்கு வரவே வேண்டியதில்லையாம், கையெழுத்துகூட வேண்டாமாம், பத்து நிமிஷத்தில் பணம் கணக்கில் ஏறிவிடுமாம்.

"ஏனுங்க அம்மிணி," என்றேன், "லண்டனுக்கு டிக்கெட்டு எவ்வளவு ஆகும்னு உங்களுக்குத் தெரியுங்களா?"