‘பயரு’ என்னும் சொல்லின் பிறப்பும் பிழைப்பும்

‘ஓகே’ என்ற ஈரெழுத்துச் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அச்சிட்டது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960களில் பழைய தாள்களைப் புரட்டி இதை நிறுவினார். ஒரு கொச்சைச் சொல்லுக்கு அங்கே இவ்வளவு மரியாதை. சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டியில் காலை ஆறு மணிக்கு டீ கிளாஸும் கையுமாக நிற்கிறவர்கள் புழங்கும் ‘பயராபீஸ்’ என்ற சொல்லுக்கோ இதுவரை ஓர் ஆராய்ச்சியாளன் வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுக்களம். புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் மலிந்து கிடப்பதால், மனிதர்களுக்குப் போலவே ஊருக்கும் இனிஷியல் தேவைப்படுகிறது. இதே விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வ. புதுப்பட்டி உண்டு. அது தமிழில் இனிஷியல் போட்டுக்கொண்டது, இது ஆங்கிலத்தில். ஆக, ஆங்கிலம் இவ்வூருக்குள் கொல்லைப்புறமாக நுழையவில்லை, தலைவாசல் வழியாகவே வந்தது என்பது நம் முதல் முடிபு. ஆய்வுமுறை: டீக்கடை பெஞ்சு. தகவலாளர்: முப்பது வருடமாக மருந்து கலக்கிய ஓர் அண்ணாச்சி.

‘பயர்’ முன் ‘ஆபீஸ்’ வர, மெய்யின்மேல் உயிர் ஏறி ‘பயராபீஸ்’ ஆயிற்று. நன்னூலார் இருந்திருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டார். பொருள்: பட்டாசு ஆலை. அங்கே மேசை கிடையாது, ஃபைல் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. பிறகு எப்படி அது ஆபீஸ்? சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறியது 1922இல். மழை குறைந்த வறண்ட பூமி, குச்சி நமுக்காது. தீப்பெட்டி முந்தியது, பட்டாசு பிந்தியது. அந்த வரிசையிலேயே ‘தீப்பெட்டி ஆபீஸ்’ அண்ணன், ‘பயராபீஸ்’ தம்பி என்று கொள்ளலாம். ஆபீஸ் என்ற பட்டம் வந்த காரணம் பற்றி இரு கொள்கைகள் உள்ளன, இரண்டும் என்னுடையவை. வெடிபொருள் துறையின் தலைமையகமான நாக்பூரோடு நடக்கிற காகிதப் போக்குவரத்தைப் பார்த்தால் ஆபீஸ் என்பதைத் தவிர வேறு பெயர் தகாது என்பது உரிமக் கொள்கை. “மாப்பிள்ளை ஆபீஸ்ல இருக்கார்” என்றால் பெண் வீட்டார் இன்னொரு டம்ளர் காபி தருவார்கள் என்பது கௌரவக் கொள்கை.

இரண்டையும் அண்ணாச்சியின் முன் வைத்தேன்.

“ஆபீஸ்னா ஆபீஸ்தான் தம்பி. நீங்க லீவு போட்டா சம்பளம் வரும், நாங்க லீவு போட்டா வராது. அம்புட்டுதான் வித்தியாசம்” என்றார்.

ஒப்பியல் நோக்கில் இங்கே ஓர் அதிசயம் உண்டு. லண்டனில் 1710லேயே ‘சன் ஃபயர் ஆபீஸ்’ தொடங்கிவிட்டது. ஆனால் அது தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம். ஒரே பெயர்: அந்த ஃபயர் ஆபீஸ் தீப்பிடித்த பிறகு பணம் தரும், இந்தப் பயராபீஸ் தீப்பிடிக்காதவரை சம்பளம் தரும். அமெரிக்கர்கள் இன்னும் குழப்புகிறார்கள். அங்கே ஒருவரை ‘ஃபயர்’ செய்தால் வேலை போயிற்று என்று பொருள். ‘டிஸ்சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல் வேலையிலிருந்து விடுவிப்பதையும் குறிக்கும், துப்பாக்கி வெடிப்பதையும் குறிக்கும். அந்தச் சிலேடையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது இது. அங்கே ஃபயர் ஆனவன் வீட்டில் இருப்பான். இங்கே பயரில் இருப்பவன் வேலையில் இருப்பான்.

‘மருந்து’ பற்றிச் சுருக்கமாக. ஊருக்கெல்லாம் அது வியாதி தீர்ப்பது. இங்கே வெடியுப்பும் கந்தகமும் கரியும் அலுமினியத் தூளும். “மருந்துக்குக்கூட இல்லை” என்ற சொலவடையை இவ்வூரில் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

அடுத்தது புஸ்வாணம். ஆய்வின் நெஞ்சுக்கூடு இதுதான். திட்டம் தோற்றால், படம் ஓடாவிட்டால், கட்சி மாநாட்டுக்குக் கூட்டம் சேராவிட்டால் தமிழன் “புஸ்வாணமாயிடுச்சு” என்கிறான். இது நீதியா? புஸ்வாணம் தோற்ற வெடி அன்று. அது வெடிப்பதாக எவரிடமும் வாக்குக் கொடுத்ததில்லை. பூப்பூவாய் எழும்பி, வெளிச்சம் கொட்டி, வந்த காரியத்தை முடித்துவிட்டு அடங்குகிறது. உண்மையில் தோற்றது நமுத்த வெடி; பழியைச் சுமப்பதோ புஸ்வாணம். சத்தம் போடாதவன் உருப்படமாட்டான் என்ற நம் பொதுக்கருத்துக்கு இதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. (சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது. சினிமா போஸ்டர்களில் உள்ள சரவெடிக்கு அத்தடை இன்றுவரை பொருந்தவில்லை.)

வெள்ளைக்காரனும் ‘புஸ்’ஸை அவமதித்தவனே. ‘ஃபிஸில்’ என்றால் அவனுக்கும் பிசுபிசுத்துப் போவது. அச்சொல்லின் ஆதிப்பொருள், சபையில் சொல்லக் கூசுவது, சத்தமில்லாமல் காற்றுப் பிரிதல். கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பதற்கு 1840களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைப் புழங்கினார்கள். பிறகு தோல்வி எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. கோட்டைக் கதவைத் தகர்க்கும் ‘பெட்டார்ட்’ என்ற வெடியின் பெயரும் பிரெஞ்சில் அதே உடற்செயலிலிருந்து வந்ததுதான். வகுப்பறைக் கடைசி பெஞ்சில் “எவன்டா பாம் போட்டது?” என்று கேட்கிற நம் பையன்கள் இந்தப் பன்னாட்டு மரபை ஒரு நூலும் படிக்காமலே காத்துவருகிறார்கள்.

நமுத்த வெடிக்கு ஆங்கிலத்தில் ‘டாம்ப் ஸ்க்விப்’ என்று பெயர். ஸ்க்விப் என்பது சீறிவிட்டு வெடிக்கும் பழைய வாணம். இப்போது அங்கே அதை அறிந்தவர் அருகிவிட்டதால் பலர் ‘டாம்ப் ஸ்க்விட்’, அதாவது நனைந்த கணவாய், என்று சொல்லித் திரிகிறார்கள். கணவாய் நனையாமல் பின்னே எப்படி இருக்கும்? வெடியை மறந்த நாட்டில் சொல் கடலுக்குள் போய்விடுகிறது. அண்ணாச்சியிடம் சொன்னபோது, “நம்ம சரக்கு ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

கடைசியாக, அண்மைக்கால வரவு. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் பேச்சிலும் ராப் பாட்டிலும் வளர்ந்த ‘ஃபயர்’ என்ற பாராட்டு, செல்போன் வழியாகத் தமிழ் இளைஞர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. படம் ஃபயரு, பாட்டு ஃபயரு, பிரியாணி ஃபயரு. எம். புதுப்பட்டியிலும் இது வேர்பிடித்திருக்கிறதா என்பதை அறியப் பெஞ்சில் காத்திருந்தேன். வெளியூரில் கல்லூரி படிக்கும் பையன் ஒருவன் போனில் ஏதோ டிரெய்லர் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து, “ஃபயரு!” என்று கத்தினான்.

பெஞ்சில் பேச்சு நின்றது. கடைக்காரர் டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. காய்கறிப் பையோடு போன ஓர் அக்கா பையைக் கீழே வைத்தார். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம், ஆலைகள் இருக்கும் பக்கம், திரும்பின. வானத்தில் புகை இல்லை. இருந்தும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

“படத்தைச் சொல்றாம்ப்பா” என்றார் அண்ணாச்சி. டீ மறுபடி ஆறத் தொடங்கியது. பையன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.