பன்னிரண்டு படத்துக்கு ஒரு நொடி

ஸ்கெட்ச் புத்தகமும் களிமண் பொம்மையுமாக இருப்பவர்களிடமிருந்தும், அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

● கல்லூரி புராஜெக்டுக்கு ஒரு நிமிஷ ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிறேன். பாட்டி ஒருத்தி பல்லாங்குழி ஆடுகிறாள், அவ்வளவுதான் கதை. எத்தனை போட்டோ வேண்டும் என்று கணக்குப் போட்டதும் பயம் வந்துவிட்டது.
– இறுதியாண்டு ஓவிய மாணவி, கும்பகோணம்

முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பயம் ஒரே தவணையில் தீரட்டும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு போட்டோவை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 போதும், கண் ஏற்றுக்கொள்ளும். ஆக நிமிஷத்துக்கு 720. ஒவ்வொரு போட்டோவுக்கும் நடுவில் பாட்டியின் விரலை ஓர் இம்மி நகர்த்த வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. பல்லாங்குழி ஆடுகிறவர்கள் பாதி நேரம் ஆடுவதே இல்லை, யோசிக்கிறார்கள். கை குழிக்கு மேலே நிற்கும், கண் மட்டும் எதிராளியின் குழிகளை எண்ணும். அந்த இடத்தில் கண்ணையும் கழுத்தையும் நகர்த்தினால் போதும். பார்க்கிறவர்கள் பாட்டியை நம்ப ஆரம்பிப்பது அங்கேதான். ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் பொம்மை கடைசிவரை பொம்மையாகவே இருந்துவிடும்.

வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சோழி அள்ள எத்தனை ஃப்ரேம், யோசிக்க எத்தனை, ஏமாற்ற எத்தனை என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு அன்று அந்தத் தாள்தான் உங்களுக்கு டைரக்டர்.

நிக் பார்க் இங்கிலாந்தின் தேசியத் திரைப்படக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1982இல், ‘எ கிராண்ட் டே அவுட்’ படத்தைத் தொடங்கினார். அது முடிந்தது 1989இல். வாலஸ், குரோமிட் என்ற பிளாஸ்டிசின் பொம்மைகள் பிறந்த படம் அது. உங்கள் கல்லூரி ஏழு வருஷம் பொறுக்காது என்பதால், படத்தை 20 நொடியாகக் குறையுங்கள். 240 போட்டோ. பாட்டி ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டும், ஆனால் ஜெயிக்கட்டும்.

● என் மகன் ராத்திரி முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, பொம்மை வைத்து விளையாடுகிறான். கேட்டால் ‘அசைன்மென்ட்’ என்கிறான். கட்டணம் கட்டிய தகப்பன் நான் என்ன நினைப்பது?
– விருதுநகர் வாசகர்

உண்மையைத்தான் சொல்கிறான் ஐயா. ராத்திரியில் செய்வது வெளிச்சத்துக்காக. பகலில் ஜன்னல் வழியே வரும் வெயில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், படத்தில் அது பளிச் பளிச்சென்று அடிக்கும். கதவைச் சாத்துவது, யாராவது மேசையில் இடித்துவிடக் கூடாது என்று. ஃபேனை நிறுத்துவது, பொம்மையின் காகிதச் சட்டை தானாகப் படபடக்கும் என்று. விருதுநகர் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் ராத்திரியெல்லாம் நிற்கிற பையனைப் பற்றி நீங்கள் கவலைப்படலாம், சந்தேகப்படக் கூடாது.

தாதாசாகேப் பால்கே கதையை அவனிடம் கேட்டிருப்பீர்களா தெரியவில்லை. ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913இல் வருவதற்கு முன்பு, பணம் போடத் தயங்கிய நண்பரை அவர் நம்பவைத்தது ஒரு பட்டாணிச் செடியை வைத்து. தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். திரையில் அது கண்ணெதிரே வளர்ந்தபோது நண்பர் பணம் கொடுத்தார். தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தியும் பால்கே ஒரு படம் எடுத்திருக்கிறார். இந்திய சினிமாவின் முதல் பட்ஜெட்டுக்கு ஜாமீன் நின்றது ஒரு பட்டாணி என்று நான் சொல்வேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் அந்த அறையைப் பெருக்க யாரையும் அனுப்பிவிடாதீர்கள்.

● ஸ்கெட்ச் பண்ண எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான் தலையை வரைவதற்குள் ஆள் பிளாட்பாரம் மாறிவிடுகிறார். அசையாத மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்?
– முதலாண்டு மாணவர், சென்னை

தூங்குகிறவர்கள் அசைய மாட்டார்கள். ஆனால் அவர்களிடமிருந்து தூக்கத்தை மட்டும்தான் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் தேட வேண்டியது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறவர்களை. டீ ஆற்றுகிறவர், புரோட்டா வீசுகிறவர், பூக்கட்டுகிற அம்மா. என்னைக் கேட்டால் முதலில் இஸ்திரி வண்டிக்குப் போங்கள். கரி போட்டுக் கனலும் அந்தப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் இஸ்திரிக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெட்டி மேலே வரும் முன் தோள் கீழே இறங்கும். முழங்கை விலாவோடு ஒட்டும். உடம்பின் பாரம் எதிர்க் காலுக்குப் போகும், குதிகால் தரையில் அழுந்தும். அதற்குப் பிறகுதான் பெட்டி எழும்பும். இறக்கும்போது பெட்டி துணியைத் தொட்ட பிறகும் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கி நிற்கும். இடது கை அதற்குள் அடுத்த மடிப்பை நீவ ஆரம்பித்திருக்கும்.

இதை ஒரே படமாக வரைய முயற்சி செய்யாதீர்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து நிலைகளைத் தொடங்குங்கள்: குனிவது, தூக்குவது, தேய்ப்பது, மடிப்பது. முதலில் தலையிலிருந்து குதிகால் வரை உடம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒரே ஒரு கோடு. அவர் குனியும்போதெல்லாம் குனிந்த படத்துக்குப் போய் இன்னொரு கோடு சேருங்கள். நிமிர்ந்ததும் நிமிர்ந்த படத்துக்கு வாருங்கள். அவர் ஒரு மூட்டையை முடிப்பதற்குள் உங்கள் பக்கமும் முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் ஸ்டாப் மோஷனுக்கு நேரடியாக உதவும். பொம்மை கையிலிருக்கும் தெர்மாகோல் கல்லுக்குக் கனமே கிடையாது. தூக்குவதற்கு முன் அதன் தோளை இரண்டு ஃப்ரேம் இறக்கினால் கல்லுக்குக் கனம் வந்துவிடும். அந்த இரண்டு ஃப்ரேமை எந்தப் புத்தகத்தைவிடவும் இஸ்திரி வண்டி நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். போகும்போது சட்டை ஒன்றையும் தேய்க்கக் கொடுங்கள். அவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

● ரப்பர் உபயோகிக்கலாமா?
– பள்ளி மாணவி, திண்டிவனம்

வெளியே வரையப் போகும்போது வேண்டாம். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு. எவ்வளவு விலகினாய் என்று இரண்டும் சேர்ந்து காட்டும். அழித்துவிட்டால் அதே தப்பை மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

● செத்த வண்டுகளைச் சேர்த்துவைத்திருக்கிறேன். அவற்றை வைத்துப் படம் எடுக்கலாமா? அம்மா திட்டுகிறார்.
– எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி

தம்பி, உனக்கு முன்னால் ஒருவர் இதைச் செய்து பெரிய பெயர் வாங்கியிருக்கிறார். லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் படுத்துவிட்டன. பார்த்தார், செத்த வண்டுகளை எடுத்து, கால்களில் கம்பி பொருத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினார். 1912இல் வந்த அவருடைய ‘கேமராமேனின் பழிவாங்கல்’ படத்தில் வண்டுகள் காதலிக்கின்றன, பொறாமைப்படுகின்றன, சினிமாவுக்கும் போகின்றன. பழக்கிய வண்டுகள் என்றே நம்பியவர்கள் உண்டு.

எடு. ஆனால் தானாகச் செத்ததை மட்டும் எடுத்துக்கொள், படத்துக்காக எதையும் கொல்லாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அம்மாவுக்கு முதல் காட்சி காட்டு.

● களிமண் வாங்கவே காசு இல்லை. கேமரா என்று பார்த்தால் பழைய போன்தான். படம் எடுக்கும் ஆசையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கட்டுமா?
– ஓவிய மாணவி, மதுரை

தள்ளாதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே ஸ்டூடியோ இருக்கிறது, கோலமாவு.

செங்கல்லை இரண்டு பக்கம் அடுக்கி, மேலே ஒரு கண்ணாடித் துண்டு. கண்ணாடிக்கு அடியில் பட்டர் பேப்பர், அதற்கும் கீழே ஒரு எல்.இ.டி. பல்பு. அறை இருட்டாக இருக்கட்டும். கண்ணாடி மேல் கோலமாவைத் தூவுங்கள். அடியிலிருந்து வெளிச்சம் வருவதால் வெள்ளை மாவு மேலேயிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரியும். விரலால் விலக்கினால் அங்கே வெளிச்சம் பிறக்கும். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு, போனைக் கவிழ்த்துக் கட்டுங்கள். இயர்போனில் இருக்கும் வால்யூம் பட்டனையே கிளிக் செய்யப் பயன்படுத்தலாம், பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். போனைத் தொடாதவரை படம் ஆடாது.

கரோலின் லீஃப் என்ற அமெரிக்கர் மாணவியாக இருந்தபோதே இப்படி மணலைக் கண்ணாடி மேல் கொட்டிப் படம் எடுத்தார். பிறகு கனடாவில் காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையையே மணலில் செய்து 1977இல் வெளியிட்டார். மணல் படத்தில் ஒரு சவால் உண்டு. அடுத்த உருவத்தைச் செய்ய, இருக்கிற உருவத்தைக் கலைத்தாக வேண்டும், திரும்பப் போக வழி கிடையாது. காலையில் போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் காலில் போவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல.

கோலமாவும் வேண்டாம் என்றால் கறுப்பு அட்டை. லாட்டே ரைனிகர் ஜெர்மனியில் அட்டையைக் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டு கம்பியால் கோத்து, வெளிச்சம் போட்ட கண்ணாடி மேல் நகர்த்தி ‘இளவரசர் அக்மத்’ முழுநீளப் படத்தை 1926இல் முடித்தார். உங்கள் பக்கத்தில் தோல்பாவைக் கூத்து நடந்தால் ஓர் இரவு போய் உட்காருங்கள். கை கால்களைத் தனித்தனியாக வெட்டி முடிச்சுப் போட்டுக் கோத்திருப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். எந்த மூட்டு இறுக்கம், எது தளர்வு என்பதைக் கூத்துக்காரர்களிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

● படம் முழுக்க வெளிச்சம் கூடிக் கூடிக் குறைகிறது. ஜன்னலை மூடித்தான் எடுத்தேன். காரணம் என்ன?
– அனிமேஷன் மாணவர், கோயம்புத்தூர்

போன் ஒவ்வொரு கிளிக்குக்கும் தானாக வெளிச்சத்தை அளந்து மாற்றிக்கொள்கிறது. திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸைப் பூட்ட வழியிருந்தால் அதையும் பூட்டுங்கள். டியூப் லைட் வேண்டாம்.

அப்படியும் சரியாகாவிட்டால் உங்கள் சட்டையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னே பின்னே நகர்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பொம்மையின் முகத்தில் விழும். ஸ்டாப் மோஷன்காரர்கள் கறுப்புச் சட்டை போடுவது இதற்காகத்தான். கிளிக் செய்யும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் நில்லுங்கள்.

● பிளாஸ்டிசின் பொம்மையில் என் கைரேகை பதிந்துவிடுகிறது. என்ன செய்து நீக்குவது?
– வேலூர் வாசகி

ஈர விரலால் மெல்ல நீவினால் போகும். வெயில் காலத்தில் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அவ்வளவு சீக்கிரம் பதியாது. ஆனால் எல்லாவற்றையும் நீக்க வேண்டாமே! வாலஸ், குரோமிட் படங்களில் கைரேகை தெரியும், ரசிகர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். 1933இல் வந்த ‘கிங் காங்’கின் ரோமம் சும்மா நிற்கும்போதும் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். நகர்த்தியவர்களின் விரல் பட்டுக் கலைந்த ரோமம் அது. குரங்கு கோபத்தில் சிலிர்க்கிறது என்றுதான் கொட்டகையில் இருப்பவனுக்குத் தோன்றும்.

● கம்ப்யூட்டரில் சொன்னால் நொடியில் செய்து தருகிறதே. விரல் தேய இதை ஏன் கற்க வேண்டும்?
– பொறியியல் மாணவர், திருச்சி

ஃபில் டிப்பெட் என்பவர் ஸ்டாப் மோஷனில் கை தேர்ந்தவர். ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு டைனோசர்களை அவர் அசைப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. நடுவில் கம்ப்யூட்டர் டைனோசர் வந்தது, திட்டம் மாறியது. அவரை வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு விலங்கின் நடை தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டுகளில் சென்சார் வைத்த ஒரு உலோக எலும்புக்கூட்டைச் செய்து கொடுத்தார்கள். பழையபடி அதைக் கையால் வளைத்தால், அந்த அசைவு கம்ப்யூட்டருக்குள் போகும். படம் 1993இல் வெளிவந்தது, விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வாங்கிய நால்வரில் டிப்பெட்டும் ஒருவர்.

கருவி மாறிக்கொண்டேதான் இருக்கும். கனமான மிருகம் திரும்பும்போது முதலில் தலையா, இடுப்பா என்பதைப் பார்த்துவைத்த கண்ணுக்கு எந்தக் கருவியிலும் வேலை உண்டு. பார்க்காதவருக்குக் கம்ப்யூட்டர் தருவது சரியா தப்பா என்றுகூடத் தெரியாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

● எனக்குக் கை வரவில்லை. கோடு நடுங்குகிறது. ஓவியத்தை விட்டுவிடலாமா?
– மயிலாடுதுறை வாசகர்

வலது கை செயலிழந்த பிறகு ஓவியர் கோபுலு இடது கையால் வரைந்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, திறமை அவருக்குக் கையில் இருந்ததா, கண்ணில் இருந்ததா என்று எழுதுங்கள். நடுங்குகிற கோட்டோடு நாலு பக்கம் வரைந்தும் அனுப்புங்கள்.

● பல்லாங்குழிப் பாட்டி பாதி ஆட்டம் ஆடிவிட்டாள். முதலில் எடுத்த காட்சிகளைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை, இப்போது கை பழகிவிட்டது. முதலிலிருந்து எடுக்கட்டுமா? சமர்ப்பிக்க நாள் நெருங்குகிறது.
– மறுபடியும் கும்பகோணம் மாணவி

எடுக்காதீர்கள். கை பழகியதே அந்தக் காட்சிகளை எடுத்ததால்தான். முதலிலிருந்து ஆரம்பித்தால், பாதிக்கு வரும்போது இன்னும் பழகியிருக்கும், மறுபடி பிடிக்காமல் போகும். முதலில் கடைசிவரை எடுத்து முடியுங்கள். நேரம் மிஞ்சினால் பாட்டி யோசிக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்ப எடுங்கள்.

சத்தத்துக்கு சினிமாப் பாட்டு சேர்க்காதீர்கள், அது அடுத்தவர் சொத்து. நிஜச் சோழியை நிஜக் குழியில் போட்டு போனில் பதிவு செய்யுங்கள். கடைசி ஃப்ரேம் எடுத்ததும் விளக்கையோ போனையோ கழற்றாதீர்கள். ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், விட்டுப்போன ஃப்ரேம் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். எல்லா போட்டோவையும் இரண்டு இடத்தில் காப்பி போட்டுவையுங்கள். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.