தொங்கும் தளத்துக்கு இரும்பு உத்திரம்: அளவு காணும் முறை

கார் ஷெட்டின் கான்கிரீட் தளம் நடுவில் தொங்கினால் அடியில் இரும்பு உத்திரம் கொடுப்பது வழக்கம். அதன் அளவை மேலே உள்ள சுமை, சுவருக்குச் சுவர் உள்ள நீளம், உத்திரத்தின் உயரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன என்று நூல்கள் கூறும். நடைமுறையில் தீர்மானிப்பவர் அண்ணாந்து பார்க்க வருபவர்.

இவர் எல்லாத் தெருக்களிலும் காணப்படுகிறார். பெரும்பாலும் ஞாயிறு காலையில், காபி நேரத்தில். (சென்ற ஞாயிறும் தவறவில்லை.) இடுப்பில் கை, பாதி திறந்த வாய். “எந்த மேஸ்திரி போட்டது?” என்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். அடுத்து ஒட்டடைக் கம்பால் தளத்தைத் தட்டுவார். பூச்சு உதிர்ந்தால் “பாத்தீங்களா?” உதிராவிட்டால் “உள்ளே பொக்கு.” இரண்டில் எது நேர்ந்தாலும் முடிவு ஒன்றே: “ஆறு இஞ்ச் கர்டர் ஒண்ணு குடுங்க சார், யானையே ஏறினாலும் அசையாது.” மொட்டைமாடிக்கு யானை எதற்காக ஏறும் என்பதை அவர் விளக்குவதில்லை. சுமைகளைப் பற்றிய இந்தியத் தர விதி 875 ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்கிறது, யானையைக் குறிப்பிடவில்லை. அங்கே உண்மையில் ஏறியிருப்பது 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது ஒரு டன். அதை அங்கே வைக்கச் சொன்னவரும் அநேகமாக இவரே. வீட்டுக்காரரின் பணி தலையாட்டுவது. படித்தவராக இருந்தால் நோட்டிலும் குறித்துக்கொள்வார்.

இனிக் கணக்கு. தொட்டியை முதலில் இறக்கிவிட வேண்டும். 125 மி.மீ. தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ; சுருக்கியும் தட்டோடும் 150 என்று கொள்ளலாம்; ஆட்களுக்கு 150. ஆக 600 கிலோவுக்குச் சற்று மேல். உத்திரம் இரண்டு மீட்டர் அகலத் தளத்தைத் தாங்கினால் அதன் ஒவ்வொரு மீட்டரிலும் 1200 கிலோ. நீளம் நான்கு மீட்டர் என்க. ஆறு இஞ்ச், அதாவது ஐ.எஸ்.எம்.பி. 150, இந்தச் சுமையில் 28 மி.மீ. தொங்கும்; தளத்தோடு போட்டிக்கு நிற்கும். எட்டு இஞ்ச்சான 200 சுமார் 9 மி.மீ. நீளத்தை 360ஆல் வகுத்தால் வரும் 11 மி.மீ. வரம்புக்குள் இது அடங்கும். உயரம் 50 மி.மீ. கூட, விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. விலை கிலோக்கணக்கு என்பதால் ஆறு இஞ்ச்சின் மீது எல்லோருக்கும் பாசம். நீளம் இரட்டித்தாலோ அதே சுமையில் தொங்கல் பதினாறு மடங்கு.

கார் இடிக்குமென்று உத்திரத்தைப் பக்கவாட்டில் படுக்கவைக்கும் வெல்டர்களும் உண்டு. படுத்த உத்திரத்தின் விறைப்பு நின்றதில் பதினைந்தில் ஒரு பங்கு.

தளத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே விரல் நுழைந்தால் உத்திரம் துணி காயப்போடத்தான் உதவும். அந்தச் சந்தில் தகடு செருகிச் சுருங்காத கலவை அடைக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தளத்தை நிமிர்த்தலாகாது: நடுவில் கம்பி அடிப்பக்கம்தான் இருக்கும், மேற்பக்கம் வெடிக்கும். கம்பி துருப்பிடித்துத் தளம் தொங்கியிருந்தால் உத்திரம் மட்டும் போதாது. முனைகள் வெறும் செங்கல்மீது உட்காராமல் கான்கிரீட் திண்டின்மீது உட்கார வேண்டும். ரெட் ஆக்சைடை ஏற்றுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். ஏற்றிய பின் மேல் விளிம்புக்குப் பிரஷ் போகாது.